போன் எந்த இடத்தில் சுடுகிறது?

வகுப்பு தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். பின்னங்களைப் பெருக்குவது எப்படி என்று எட்டுப் பிள்ளைகளுக்கு வீடியோ காலில் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் ஸ்கிரீன் மங்கியது. வெளிச்சத்தைக் கூட்டப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஏற மறுத்தது. அடுத்து என் குரல் விட்டுவிட்டுக் கேட்பதாக ஒரு பையன் சொன்னான். “மிஸ், நீங்க அப்படியே சிலையா நிக்கிறீங்க” என்றாள் இன்னொருத்தி. சிறிது நேரத்தில் கேமரா தானாகவே அணைந்துவிட்டது. ஸ்டாண்டிலிருந்து போனை எடுத்தேன். கேமராவைச் சுற்றி விரல் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

அப்போது நான் செய்த காரியத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நேராகப் போய் போனை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன். பத்து நிமிடம் கழித்து எடுத்தபோது ஜில்லென்று இருந்தது. மிச்ச வகுப்பையும் முடித்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். சாயங்காலம் மகளைப் படம் பிடிக்கப் போனால், எடுத்த படமெல்லாம் பனிமூட்டத்துக்குள் எடுத்தது மாதிரி. கேமராவின் கண்ணாடியைத் துடைத்தேன்; போகவில்லை. இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தபோதுதான் புரிந்தது, மூட்டம் கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கிறது.

குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை வெளியே வைத்தால் வியர்க்கிறதல்லவா, அதேதான். போனுக்குள் இருந்த காற்றின் ஈரம், குளிர்ந்துபோன கண்ணாடியில் நீராகப் படிந்துவிட்டது. நீர் புகாத போன் என்று பெட்டியில் போட்டிருப்பது வெளியிலிருந்து வரும் நீருக்குத்தான் காவல். உள்ளேயே இருக்கும் காற்றின் ஈரத்தை அது என்ன செய்ய முடியும்? இரண்டு நாளில் மூட்டம் தானாகப் போனது என் அதிர்ஷ்டம். ஈரம் சர்க்யூட்டில் படிந்திருந்தால் கதை வேறு.

என் தம்பி போன் பழுது பார்ப்பவன். திட்டுவான் என்று தெரிந்தேதான் கூப்பிட்டேன்.

“போன் ரொம்பச் சுடுதுடா.”

“எந்த இடத்துல சுடுது?”

“போன்தான்டா சுடுது.”

“அக்கா, காய்ச்சல்னு டாக்டர்கிட்டப் போனா எங்க வலிக்குதுன்னு கேக்க மாட்டாரா? போன்ல எந்த இடம்?”

பிறகு அவன் சொன்னது இது. மேலே, கேமரா பக்கம் சுட்டால் பெரும்பாலும் பிராசசர், அதாவது போனின் மூளை. நடு முதுகு முழுக்கச் சுட்டால் பேட்டரி. அடியில் சார்ஜர் செருகும் இடத்தில் சுட்டால் கேபிள், இல்லாவிட்டால் அந்த ஓட்டையில் அழுக்கு. மாடலுக்கு மாடல் உள்ளே அமைப்பு கொஞ்சம் மாறும், ஆனால் பத்தில் எட்டுப் போனுக்கு இது பொருந்தும். “மூணும் மூணு வியாதி. நீ எல்லாத்துக்கும் ஒரே மருந்தா ஃப்ரிட்ஜுல வைக்கிற” என்றான். அதோடு, இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வா என்று வீட்டுப்பாடமும் கொடுத்தான். கணக்கு டீச்சருக்கே வீட்டுப்பாடம்.

பேட்டரியோடு ஒரு சின்ன வெப்ப உணரி எல்லா ஸ்மார்ட்போனிலும் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதன் அளவை எந்த ஆப்பும் கேட்டு வாங்கிக் காட்டலாம். தனி அனுமதிகூடத் தேவையில்லை. சில போன்களில் டயலரில் *#*#4636#*#* என்று அடித்தாலே ஒரு சோதனைப் பக்கம் திறந்து பேட்டரி விவரம் வரும். ஐபோன் இந்தச் சூட்டின் அளவை வெளியே காட்டாது. அங்கே விரல்தான் தெர்மாமீட்டர். என்னுடையது ஆண்ட்ராய்டு என்பதால் நேரம், செய்துகொண்டிருந்த வேலை, பேட்டரி எத்தனை டிகிரி, எந்த இடத்தில் சூடு என்று நான்கு கட்டம் போட்டுக் குறித்தேன். சும்மா மேசையில் கிடக்கும்போது 29, 30. சாதாரணமாகப் பேசும்போது 33. வகுப்பு நடக்கும்போது 40, 41.

அந்த 41 எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் போன் பேட்டரி 5000 மில்லி ஆம்பியர் மணி. பேட்டரியின் சராசரி மின்னழுத்தம் 3.85 வோல்ட் என்று வைத்தால், அதற்குள் அடங்கியிருப்பது சுமார் 19 வாட் மணி. சார்ஜர் செருகாமல் எடுத்தால் ஒரு மணி நேர வகுப்புக்கு 20 சதவீதம் இறங்குகிறது. அப்படியென்றால் போன் இழுப்பது ஏறக்குறைய 4 வாட். ஒரு சிறிய எல்இடி பல்ப் இழுக்கும் மின்சாரம். ஸ்கிரீன் வெளிச்சமாகவும் ஸ்பீக்கர் ஒலியாகவும் ரேடியோ அலையாகவும் வெளியே போவது மிகக் கொஞ்சம். மீதி எல்லாம் சூடாகத்தான் முடிகிறது. லேப்டாப் என்றால் மின்விசிறி சுற்றும். சாதாரணப் போனுக்குள் அது இல்லை. கிராபைட் தாள், நீராவி அறை (உள்ளே சிறிது திரவம் அடைத்த தட்டையான உலோக உறை) என்று ஏதாவது ஒன்றை வைத்துச் சூட்டைப் பரப்பி, கண்ணாடி வழியாகவும் உலோகச் சட்டம் வழியாகவும் வெளியே தள்ள வேண்டும். ஆகவே போன் வெதுவெதுப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். சொல்லப்போனால் உலோக முதுகுள்ள போன் கையில் அதிகம் சுடுவதுபோலத் தோன்றுவது, அது சூட்டை வேகமாகக் கைக்குக் கடத்துவதால். பிளாஸ்டிக் முதுகு சாதுவாகத் தெரியும். உள்ளே அடக்கி வைத்திருக்கும்.

அன்றாட வேலைகளிலேயே வீடியோ கால்தான் போனை அதிகம் பிழிகிறது என்பது என் நோட்டின் முதல் கண்டுபிடிப்பு. கேம்தான் பெரிய வில்லன் என்று நினைத்திருந்தேன். வீடியோ காலில் கேமரா ஓடுகிறது, என் படத்தைச் சுருக்கி அனுப்ப வேண்டும், அதே சமயம் எட்டுப் பிள்ளைகளின் படத்தை விரித்துக் காட்ட வேண்டும், ஸ்கிரீன் அணையக் கூடாது, ரேடியோ இரண்டு பக்கமும் நிற்காமல் பேச வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் உழைக்கிறார்கள். இதில் நான் சார்ஜரையும் செருகி வைத்திருந்தேன், வகுப்பு நடுவில் அணைந்துவிடக் கூடாதே என்று. அந்த ஒரு பழக்கத்தை விட்டதும் 41 என்பது 38 ஆனது. வகுப்புக்கு முன்பே 80 சதவீதம் ஏற்றிக்கொண்டு, வகுப்பின்போது கேபிளைப் பிடுங்கிவிடுகிறேன். பிள்ளைகளில் பேசாதவர்களின் வீடியோவை அணைக்கச் சொன்னேன். வைஃபை ரூட்டர் இருக்கும் அறைக்கு மாறினேன். 36.

ஸ்கிரீன் மங்கியதும் கேமரா அணைந்ததும் போன் கெட்டதன் அறிகுறி என்று அன்று பயந்துவிட்டேன். அது போன் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட விதம். சூடு கூடினால் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏறுவதை மெதுவாக்கும் அல்லது நிறுத்தும், ஃபிளாஷ் வேலை செய்யாது. அதற்கும் மேலே போனால், ஆற விட்ட பிறகு வா என்று ஒரு எச்சரிக்கையைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கவரைக் கழற்றி, ஓடிக்கொண்டிருப்பதை மூடி, நிழலில் ஒரு மேசைமேல் வைத்து, காற்றாடியைப் போட்டுவிடுவது. கால் மணி நேரத்தில் ஆறிவிடும். பாத்திரத்தைப் போலத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றுவதோ ஐஸ் வைப்பதோ வேண்டாம்.

சுட்டாலே வெடித்துவிடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இருந்தது. 2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்து உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டதைக் கேட்டு வளர்ந்த பயம் அது. ஆனால் அடுத்த ஜனவரியில் அந்த நிறுவனம் வெளியிட்ட ஆய்வு முடிவு, பேட்டரிகளின் உள்ளேயே இருந்த வடிவமைப்பு, தயாரிப்புக் குறைகளைத்தான் காரணமாகச் சொன்னது. வீடியோ பார்த்ததால் போன் வெதுவெதுப்பாவதும் அதுவும் ஒன்றல்ல. நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு: மெதுவாகக் கெடுவது. பேட்டரிக்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு உண்டு. லித்தியம் அயான் பேட்டரியை 40 சதவீத சார்ஜில், 25 டிகிரியில் ஓராண்டு சும்மா வைத்தால் சுமார் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதையே முழுக்க ஏற்றி, 40 டிகிரியில் ஓராண்டு வைத்தால் 65 தான். சூடும் முழுச் சார்ஜும் கூட்டுச் சேர்ந்தால் பேட்டரிக்கு வயது வேகமாக ஏறுகிறது. பிராசசர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். பேட்டரியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தம்பியின் பாஷையில் சொன்னால், “ஒரு நேரத்துக்கு ஒரு சூடுதான்கா.” சார்ஜ் போட்டால் சார்ஜ் மட்டும். வெயிலில் வழி பார்க்கிறாயா, அப்போது சார்ஜ் வேண்டாம்.

நோட்டில் ஐந்தாவது நாள் ஒரு மர்மம் வந்தது. இரவு ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். மேசையில் சார்ஜர் இல்லாமல், ஸ்கிரீன் அணைந்து கிடந்த போனைத் தொட்டால் மேல்பக்கம் வெதுவெதுப்பு. 37 டிகிரி. யாரும் தொடாத போன் எதற்குச் சூடாகிறது? மறுநாள் இரவும் அப்படியே. காலையில் பார்த்தால் தூங்கப் போகும்போது இருந்த 70 சதவீதம் 41 ஆகியிருந்தது.

செட்டிங்ஸில் பேட்டரிப் பக்கத்தைத் திறந்து, எந்த ஆப் எவ்வளவு தின்றது என்ற பட்டியலைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே நின்றது, போட்டோக்களைப் பேக்கப் எடுக்கும் ஆப். பகலில் நான் அதைத் திறந்ததே இல்லை. உள்ளே போனால் “1 மீதம்” என்று காட்டியது. மகளின் பள்ளி விழாவில் நாற்பது நிமிடம் எடுத்த ஒரே வீடியோ. பாதி எடுத்துக்கொண்டிருக்கும்போது போன் அணைந்துபோய், அந்த ஃபைல் சிதைந்திருந்தது. பிளே பண்ணினாலும் ஓடாது. ஆப்புக்கு அது தெரியவில்லை. வைஃபை கிடைத்ததும் அதைத் தூக்கி மேலே ஏற்றப் பார்க்கிறது, முக்கால்வாசியில் தோற்கிறது, மறுபடி முதலிலிருந்து. பாறையை மலையுச்சிக்கு உருட்டி உருட்டி இரவு முழுக்க உழைத்திருக்கிறது, பாவம். அந்த ஃபைலை அழித்தேன். அன்றிரவு ஒன்றரை மணிக்கு வேண்டுமென்றே எழுந்து பார்த்தேன்: 28.

அதற்குப் பிறகு யாராவது போன் சுடுகிறது என்றால் நான் முதலில் கேட்பது, பயன்படுத்தாதபோதும் சுடுகிறதா என்பதுதான். பயன்படுத்தும்போது சுட்டால் காரணம் கண்முன்னே இருக்கிறது. சும்மா கிடக்கும்போது சுட்டால் யாரோ உள்ளே வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் ஆபத்தில்லாத யாரோதான். பெரிய அப்டேட் போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள், ஆப்களைப் புது முறைக்கு மாற்றுவது, போட்டோக்களில் முகம் தேடி வரிசைப்படுத்துவது என்று உள்ளே வேலை நடக்கும். புதுப் போனுக்குப் பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் மாற்றும் நாளிலும் இப்படித்தான். அதற்காகப் போனைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். சில சமயம் தயாரிப்பாளரின் மென்பொருளிலேயே பிழை இருக்கும். 2023-ல் ஐபோன் 15 புரோ அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று புகார் வந்தபோது, ஐஓஎஸ் 17-ல் இருந்த பிழையும் சில ஆப்களும் காரணம் என்று ஆப்பிள் சொல்லி, 17.0.3 அப்டேட்டில் சரி செய்தது. அபூர்வமாக உள்ளே இருப்பது திருடனாகவும் இருக்கலாம். 2017-ல் காஸ்பர்ஸ்கை என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் லோப்பி என்ற ஆண்ட்ராய்டு வைரஸைச் சோதனைப் போனில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். அது மற்ற வேலைகளோடு, இடைவிடாமல் கணக்குப் போட்டு மறைவாகக் கிரிப்டோ நாணயமும் தோண்டியதில், இரண்டே நாளில் பேட்டரி உப்பிப் பின்மூடி வளைந்துவிட்டது. வழியில் கிடைக்கும் ஆப்பையெல்லாம் ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்காதே என்று தம்பி தலைபாடாக அடித்துக்கொள்வது இதனால்தான்.

என் அம்மாவின் போனில் அதே பேட்டரிப் பட்டியலைப் பார்த்தபோது “கூலர்” என்று பெயர் வைத்த ஆப் ஒன்று இருந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் பனித்துகள் விழுவது மாதிரி படம் வந்து “4 டிகிரி குறைந்தது” என்று சொல்லும். ஆப்பால் போனைக் குளிர வைக்க முடியாது. பின்னால் ஓடும் ஆப்களை மூடுவது மட்டும்தான் அதனால் ஆகும். மூடியவை மறுபடி தொடக்கத்திலிருந்து எழும்பும்போது இன்னும் அதிகமாகத்தான் உழைக்கும். அழித்துவிட்டேன். பனித்துகள் போனதில் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பதிவு செய்த மிக உயர்ந்த அளவு அங்கேதான் வந்தது. காரில் கண்ணாடிக்குப் பின்னால், டேஷ்போர்டுமேல் ஸ்டாண்டில் வைத்து வழி பார்த்துக்கொண்டே சார்ஜ் போட்டிருந்தோம். நண்பகல். 47 டிகிரி. சார்ஜ் ஏறுவது எப்போதோ நின்றிருந்தது. கேபிள் செருகியிருந்தும் சதவீதம் இறங்கிக்கொண்டிருந்தது. வீடு வந்ததும் கணக்குப் போட்டேன். உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். என் போன் 16 சென்டிமீட்டருக்கு 7.5, அதாவது 0.012 சதுர மீட்டர். 12 வாட்! வகுப்பின்போது போன் உண்டாக்கும் சூட்டைப்போல மூன்று மடங்கை வெயில் ஒன்றே அதன்மேல் கொட்டுகிறது. கறுப்புக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். வெயிலில் தெரிய வேண்டும் என்று ஸ்கிரீனும் உச்ச வெளிச்சத்துக்கு ஏறியிருக்கும். ஜிபிஎஸ், டேட்டா, சார்ஜ் எல்லாம் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்?

ஸ்டாண்டை ஏசி காற்று வரும் துவாரத்துக்கு மாற்றினோம். அதே பாதை, அதே நேரம், 35. குளிர்காலத்தில் அதே துவாரத்தில் ஹீட்டர் காற்று வரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இறங்கும்போது போனை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போவது அதைவிட மோசம். ஆப்பிள் தன் போன்களைப் பயன்படுத்த 0 முதல் 35 டிகிரி வரையும், சும்மா வைத்திருக்க 45 டிகிரி வரையும் வரம்பு சொல்கிறது. அது சுற்றியிருக்கும் காற்றின் அளவு, போனின் அளவல்ல. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைக்கூடத் தாண்டலாம்.

வெயிலே இல்லாமல், பையில் கிடந்தபடியே சூடானது இன்னொரு நாள். நீண்ட ரயில் பயணம். ஒரு தடவைகூட எடுக்கவில்லை, ஆனால் எடுத்தபோது 36, பேட்டரி பாதி காலி. இதற்குக் காரணம் சிக்னல். டவர் அருகில் இருந்தால் போன் கிசுகிசுத்தாலே போதும். தூரமானால் கத்த வேண்டும். 4ஜியில் போன் அனுப்பும் ரேடியோ சக்தியின் உச்சம் வழக்கமாக 200 மில்லி வாட். அதை உண்டாக்க உள்ளே இருக்கும் பெருக்கி அதைப்போலப் பல மடங்கு மின்சாரம் இழுத்து மிச்சத்தைச் சூடாக்கிவிடும். ரயில் ஓட ஓட டவர் மாறிக்கொண்டே இருந்ததால், பாவம், வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது அப்படிப்பட்ட இடங்களில் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுகிறேன். அடித்தளத்தில் இருக்கும் அலுவலகம், தடித்த சுவர் வீடு என்று தினமும் ஒரே இடத்தில் சிக்னல் ஒரு கோடுதான் என்றால், வைஃபை வழியாகப் பேசும் வசதியை ஆன் செய்வது நல்லது. 5ஜி அரைகுறையாக வந்து வந்து போகும் இடத்தில் 4ஜியிலேயே நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். எனக்கு அதில் வித்தியாசம் தெரிந்தது. ஹாட்ஸ்பாட்டும் இதே கதைதான். அதற்கு வைஃபை வேலையும் சேர்த்தி.

சார்ஜ் விஷயத்தில் என் பெரிய பாடம் கணவரின் போனால் வந்தது. அவர் வயர்லெஸ் பேடில் வைப்பார். ஒரு நாள் காலை கவரின் உள்பக்கம் வட்டமாகப் பழுப்பேறியிருந்தது. கவருக்குள் கார் காந்த ஸ்டாண்டுக்காக ஒட்டிய சின்ன உலோகத் தகடு. பேடுக்கும் போனுக்கும் நடுவே அது உட்கார்ந்துகொண்டு, போனுக்குப் போக வேண்டிய சக்தியைத் தான் வாங்கிச் சூடாகியிருக்கிறது. நல்லவேளை, கவரோடு போயிற்று. தகடு இல்லாவிட்டாலும் வயர்லெஸ் சார்ஜ் கேபிளைவிடச் சூடுதான். வழியில் கொஞ்சம் சக்தி வீணாகிறது. போன் நடுவிலிருந்து ஒரு விரல் விலகி உட்கார்ந்தால் இன்னும் வீணாகிறது. அவசரமில்லாத இரவுக்குக் கேபிளும் ஒரு சாதாரண வேக சார்ஜரும் போதும் என்று முடிவு செய்துவிட்டோம்.

வேக சார்ஜரைக் குறை சொல்ல மாட்டேன். பேட்டரி காலியாக இருக்கும் முதல் பாதியில்தான் அது வேகமாக ஏற்றும், போன் சுடும். 80 சதவீதம் நெருங்க நெருங்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த இருபது முப்பது நிமிடம் போனை விட்டுவைத்தால் போதும். மெத்தைமேலும் தலையணைக்கு அடியிலும் வைத்து ஏற்றாமல் இருந்தால் சரி. தலையணைக்கு அடியில் வைப்பதில் போனைவிட நமக்குத்தான் ஆபத்து. 44 டிகிரிச் சூடு தொட்டவுடன் சுடாது, ஆனால் தூக்கத்தில் மணிக்கணக்காக ஒரே இடத்தில் தோலோடு ஒட்டியிருந்தால் புண்ணாகிவிடும். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது. கேம் ஆடுகிறவர்கள் போனில் பைபாஸ் சார்ஜிங் என்று ஒன்று இருக்கிறதா என்று பார்க்கலாம். அது பேட்டரியைத் தொடாமல் சார்ஜரிலிருந்து நேரடியாகப் போனை ஓட்டும்.

நோட்டு முடிந்த வாரம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது என் பழைய போன் கிடைத்தது. மூன்று வருடம் முன்பு, எப்போதும் சூடாகவே இருக்கும், கார் டேஷ்போர்டிலேயே வாழ்ந்த போன். மேசையில் வைத்தால் தட்டையாக உட்காரவில்லை; ஒரு ஓரத்தை அழுத்தினால் மறு ஓரம் எழும்பியது. ஸ்கிரீனுக்கும் சட்டத்துக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி. பேட்டரி உப்பியிருந்தது. உள்ளே வேதிப்பொருள் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எடுத்துக்காட்டுக்காகத் தம்பிக்கு வீடியோ காலில் காட்டியபடி அழுத்திப் பார்த்தேன். அவன் அலறினான்.

“அக்கா, அழுத்தாத! கீழ வை. சார்ஜ் போட்டுப் பாக்கலாம்னு நினைச்சுடாத.”

உப்பிய பேட்டரியை அழுத்தவும் கூடாது, குத்தவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. துணி, காகிதம் எதுவும் அருகில் இல்லாத இடத்தில், ஓர் உலோகத் தட்டில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்க்கச் சொன்னான். சேர்த்தேன். வைத்திருந்த அந்த இரண்டு நாளும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டி நின்றே பார்த்தேன். சூடு கண்ட பூனை.

இதற்கெல்லாம் பிறகு, போன வாரம் அம்மா கூப்பிட்டாள். அவள் போன் பர்ஸ் மாதிரி மடிக்கும் தடித்த கவருக்குள் இருக்கும். அதற்குள் அட்டைகள், மடித்த மருந்துச் சீட்டு, சாமி படம். சூட்டுக்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நானே முடிவு செய்துவைத்திருந்தேன்.

“ஏண்டி, போன் சுடுதுடி. கவரைக் கழட்டிட்டேன், அப்பவும் சுடுது.”

“எந்த இடத்துலம்மா?”

“அடியில. ஒயர் சொருகுற இடத்துல. லூசாவும் இருக்கு, ஆடுது.”

ஒயரைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, சாயங்காலம் போனேன். போனை அணைத்து, டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டையின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை. பல வருட பர்ஸ் நூல். பல் குத்தும் மரக்குச்சியால் ஓரமாக மெல்லக் கிளறி எடுத்தேன். நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கை உரசாமல். பட்டாணி அளவுக்கு வந்தது. பஞ்சு இருந்ததால் ஒயர் முழுதாக உள்ளே போகாமல், அரைகுறைத் தொடுதலில் அந்த இடம் சுட்டிருக்கிறது. அவள் ஒயரின் முனையும் ஒரு பக்கம் லேசாகக் கறுத்திருந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு என்னிடம் இருந்த வேறொன்றைக் கொடுத்தேன். செருகியதும் டக்கென்று உட்கார்ந்தது.

அம்மா கால் மணி நேரம் கழித்து அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பர்ஸ் கவரை எடுத்து, மருந்துச் சீட்டை மறுபடி அதற்குள் மடித்து வைக்க ஆரம்பித்தாள்.